நீருக்கடியில் ஒரு சின்னஞ்சிறு கண்

கடற்கரைக்குச் செல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. அலைகளைக் கண்டு மகிழ்கிறோம், கால்களை நனைத்துக்கொள்கிறோம், குழந்தைகள் சிப்பிகளைப் பொறுக்கி வருகின்றனர். ஆயினும் அந்த அலைகளுக்கு அடியில், இரண்டு ஆள் ஆழத்தில் என்ன நடைபெறுகிறது என்பதை நம்மில் பெரும்பாலோர் கண்டதில்லை. அதைப் படமெடுத்துக் கொண்டுவருவது நெடுங்காலம் ஆராய்ச்சியாளர்க்கும் செல்வந்தர்க்கும் மட்டுமே இயன்ற செயலாக இருந்தது. சட்டைப் பையில் அடங்கும் மெல்லிய டிஜிட்டல் காமிரா தோன்றிய பின்னர் அந்நிலை மாறிவிட்டது. இச்சிறு கருவியைக் கொண்டு நீருக்கடியில் படமெடுப்பது எவ்வாறு, எடுத்த படத்தால் விளையும் பயன் யாது என்பனவற்றை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

பழைய ஆசை

நீருக்கடியில் படமெடுக்கும் ஆசை புதிதன்று. 1856-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இங்கிலாந்தின் வேமத் கடற்கரைக்கு அருகில், வில்லியம் தாம்சன் என்ற வழக்கறிஞர் ஒரு பெட்டிக்குள் காமிராவை வைத்துப் படகிலிருந்து ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் ஆழத்திற்கு இறக்கினார். பத்து நிமிடம் காத்திருந்து மேலே இழுத்தபோது, பெட்டிக்குள் கடல்நீர் கசிந்து புகுந்திருந்தது. எனினும் கண்ணாடித் தகட்டில் பாறைகளும் கடற்பாசியும் மங்கலாகப் பதிந்திருந்தன. கடலடியின் முதல் நிழற்படம் என அதனையே கூறுவர்.

1893-இல் பிரான்சு நாட்டின் தென்கரையிலுள்ள பான்யூல்சு என்னும் ஊரில் லூயி பூத்தான் என்ற உயிரியல் அறிஞர், மூழ்காளர் உடை அணிந்து தாமே கடலடிக்குச் சென்று படமெடுத்தார். 1926-இல் அமெரிக்காவின் புளோரிடாக் கடலில் லாங்லி என்ற அறிஞரும் சார்லஸ் மார்ட்டின் என்ற நிழற்படக் கலைஞரும் நீரின்மேல் மிதக்கும் தெப்பத்தில் மெக்னீசியத் தூளை வெடிக்கச் செய்து, அந்த ஒளியில் மீன்களை வண்ணப் படமாக எடுத்தனர். நீருக்கடியில் எடுத்த முதல் வண்ணப் படங்களாகிய அவை 1927 சனவரியில் 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழில் வெளிவந்தன. ஒரு மீனின் நிறத்தைக் காட்டுவதற்கு வெடிமருந்து போன்ற ஒன்றைக் கொளுத்த வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இன்று நம் கையில் உள்ள வசதி எத்தகையது என்பது விளங்கும்.

1963-இல் ஜப்பான் நாட்டு நிக்கான் நிறுவனம் 'நிக்கோனஸ்' என்ற காமிராவை வெளியிட்டது. தனி உறை எதுவுமின்றி நீரில் மூழ்கக்கூடிய அக்கருவி பல்லாண்டுகள் கடலடிக் கலைஞர்களின் துணையாக இருந்து, 2001-இல் உற்பத்தி நின்றது. அதில் ஒரு சுருளுக்கு 36 படங்களே. சுருள் தீர்ந்தால் மேலே வந்தாக வேண்டும். கழுவிப் பார்க்கும் வரை எது பதிந்தது, எது பதியவில்லை என்பது தெரியாது.

டிஜிட்டல் காமிரா இவ்விரண்டு இடர்ப்பாடுகளையும் நீக்கியது. நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கலாம்; எடுத்த மறுகணமே பின்புறத் திரையில் காணலாம். 2002-இல் மினோல்டா நிறுவனம் 20 மில்லிமீட்டர் பருமனே உள்ள ஒரு காமிராவை உருவாக்கியது. அதில் ஒளி உள்ளே நுழைந்ததும் ஒரு பட்டகத்தால் செங்கோணத்தில் திரும்பிக் கீழ்நோக்கிச் செல்லும். ஆகவே லென்சு முகப்பை விட்டு வெளியே நீளுவதில்லை. இவ்வமைப்பு நீருக்கடியில் படமெடுப்போருக்குப் பெரிதும் உதவியது. லென்சு நீளாத கருவிக்குச் சிறிய உறையே போதும் அன்றோ? அதே அமைப்பைக் கொண்டு, உறையே வேண்டாத காமிராக்களும் தோன்றின. 2006-இல் ஒலிம்பஸ் நிறுவனம் 3 மீட்டர் ஆழம் தாங்கும் மெல்லிய காமிராவைத் தந்தது. அவ்வழியில் வந்த இன்றைய கருவிகள் 15 மீட்டர் ஆழம் தாங்குகின்றன.

கைப்பேசி வந்தபின் இச்சிறு காமிராக்களின் விற்பனை குன்றிவிட்டது உண்மையே. பல வீடுகளில் அவை அலமாரியில் உறங்குகின்றன. ஆயினும் அவற்றுக்கெனச் செய்த ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை கிடைக்குமாயின், அவை இன்றும் கடலடிக்கு ஏற்ற கருவிகளே. கைப்பேசியை அவ்வாறு நம்பிக் கடலில் இறக்குவது தகாது. அதன் நீர்காப்புச் சோதனை பொதுவாக நன்னீரில் செய்யப்படுவது. உப்பு நீருக்கு அது பொறுப்பேற்பதில்லை.

நீர் பறித்துக்கொள்பவை

கரையில் நன்கு படமெடுக்கும் ஒருவர் முதன்முறை நீருக்குள் எடுத்த படங்களைப் பார்த்தால் மனம் சோர்வார். எல்லாம் நீலமும் பச்சையுமாக மங்கிக் கிடக்கும். இது காமிராவின் குற்றமன்று; தண்ணீரின் இயல்பு.

ஞாயிற்றின் வெண்ணிற ஒளியில் எல்லா நிறங்களும் அடங்கியுள்ளன. அவ்வொளி நீருக்குள் இறங்க இறங்க, நிறங்கள் ஒவ்வொன்றாக உறிஞ்சப்படுகின்றன. முதலில் மறைவது சிவப்பு. ஏறக்குறைய 5 மீட்டர் ஆழத்திலேயே அதன் பெரும்பகுதி போய்விடும். பின்னர் ஆரஞ்சு நிறமும், அதன் பின் மஞ்சளும் மங்குகின்றன. எஞ்சுவது நீலமே. இந்த இழப்பு ஆழத்தால் மட்டும் நேர்வதன்று. பக்கவாட்டுத் தொலைவாலும் நேர்வது. 3 மீட்டர் ஆழத்தில் 3 மீட்டர் தள்ளி நிற்கும் சிவப்பு மீனின் ஒளி, மேலிருந்து கீழும், மீனிலிருந்து நம்மிடமும் ஆக 6 மீட்டர் நீரைக் கடந்து வருகிறது.

இரண்டாவதாக, நீர் தெளிவைப் பறிக்கிறது. எவ்வளவு தூய கடலாயினும் அதில் மணல் துகள்களும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் மிதக்கின்றன. தொலைவு கூடக்கூட அவை திரைபோல் குறுக்கே நிற்கும். காமிராவிலுள்ள பிளாஷ் லென்சுக்கு மிக அருகில் இருப்பதால், அதன் ஒளி இத்துகள்களில் பட்டு நேரே லென்சுக்குத் திரும்பி வந்துவிடும். படம் முழுவதும் பனி பெய்தாற்போல் வெண்புள்ளிகள் விழுவதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவதாக, நீர் நம் கணக்கை ஏமாற்றுகிறது. ஒளிமுறிவினால் நீருக்குள் உள்ள பொருள் உண்மைத் தொலைவில் முக்கால் பங்கு தொலைவிலேயே இருப்பதாகத் தோன்றும். உருவமும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகக் காணும். 'கிட்டத்தில்தானே இருக்கிறது' என எண்ணிப் படமெடுப்போம். ஆனால் இடையே நாம் நினைத்ததைவிட மிகுதியான நீர் இருக்கும்.

நெருங்குதல் என்னும் ஒரே மருந்து

இம்மூன்று இழப்புகளுக்கும் மருந்து ஒன்றே: நெருங்கிச் செல்லுதல். நமக்கும் உயிரினத்திற்கும் இடையிலுள்ள நீரைக் குறைப்பதே கடலடிப் படக்கலையின் முதல் விதி. மெல்லிய காமிராவைப் பயன்படுத்துவோர் ஒரு மீட்டருக்குட்பட்ட தொலைவையே இலக்காகக் கொள்ள வேண்டும். கை நீட்டும் தொலைவு இன்னும் நன்று. தொலைவிலுள்ளதை 'ஜூம்' செய்து இழுப்பதால் பயனில்லை. இடையிலுள்ள நீரையும் சேர்த்தே அது இழுத்து வரும்.

இங்குதான் சிறு காமிராவின் சிறப்பு வெளிப்படுகிறது. பூவின் சின்னம் பொறித்த 'மேக்ரோ' அமைப்பில் வைத்தால், சில சென்டிமீட்டர் தொலைவிலுள்ள பொருளும் கூர்மையாகப் பதியும். ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் சந்நியாசி நண்டு, கடற்சாமந்தியின் விரல்களுக்கிடையே ஒளியும் கோமாளி மீன், சிற்றிறால் ஆகியவற்றைப் பெரிய கருவி கொண்டோர்க்கு இணையாக இச்சிறு கருவியால் எடுக்க இயலும். சுறா மீனின் பின்னே ஓடிக் களைப்பதைவிட, ஓர் அடி அகலமுள்ள பாறையின் முன் பொறுமையோடு கால் மணி நேரம் காத்திருப்போருக்கே நல்ல படங்கள் கிட்டும்.

நிறத்தை மீட்க மற்றொரு வழியும் உண்டு. பெரும்பாலான காமிராக்களில் 'ஒயிட் பாலன்ஸ்' எனும் அமைப்பு இருக்கும். எது வெண்மை என்பதை நாமே கருவிக்குக் கற்பிக்கும் ஏற்பாடு அது. படமெடுக்கும் ஆழத்தில் ஒரு வெண்ணிறப் பலகையையோ வெண்மணலையோ காட்டி அதைப் பதிவு செய்துகொண்டால், மங்கிய நிறங்கள் பெரிதும் திரும்பும். ஆழம் மாறும்போது மீண்டும் செய்ய வேண்டும். சில காமிராக்களில் மீனின் சின்னத்துடன் கடலடிக்கென்றே ஓர் அமைப்பு உண்டு. தொடக்க நிலையினர்க்கு அதுவே போதுமானது.

வேறு சில நுணுக்கங்களையும் நினைவில் வைப்போம். முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை ஞாயிறு உயரத்தில் இருப்பதால் ஒளி ஆழமாக இறங்கும். மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் மீன் தரையோடு கலந்து மறையும். ஆதலின் அதன் மட்டத்திற்குத் தாழ்ந்து, சற்றே மேல்நோக்கி எடுத்தல் வேண்டும். கண்ணில் கூர்மை இருந்தால் மீன் உயிரோடு நிற்பதுபோல் தோன்றும். பொத்தானைப் பாதி அழுத்திக் குறி வைத்துக்கொண்டு, தக்க கணத்தில் மீதியை அழுத்த வேண்டும். இல்லையேல் வால் மட்டுமே பதியும்.

ஒரு தலைமயிரால் விளையும் கேடு

உறையின் இரு பாதிகளுக்கிடையே ஒரு ரப்பர் வளையம் அமர்ந்திருக்கும். காமிராவின் உயிர் அவ்வளையத்தில்தான் உள்ளது. 10 மீட்டர் ஆழத்திற்கு ஒரு வளிமண்டல அளவு வீதம் நீரின் அழுத்தம் கூடுகிறது. அவ்வழுத்தம் வளையத்தை இறுக்கி அடைக்கவே உதவும். ஆனால் ஒரு தலைமயிரோ, ஒரு மணலோ, ஓர் உப்புத் துகளோ வளையத்தின்மேல் கிடந்தால் போதும். அவ்வழியே நீர் புகுந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு முறையும் வளையத்தை மெல்லக் கழற்றி, பஞ்சிழை ஒட்டாத துணியால் துடைத்து, அதற்கெனக் கொடுத்த கிரீசை மிக மெல்லிதாகப் பூசி மீண்டும் பொருத்த வேண்டும். கிரீசை மிகுதியாக அப்பினால் அதுவே தூசியைப் பிடித்துவைக்கும். புதிய உறையை முதலில் காமிரா இன்றி, உள்ளே ஒரு மெல்லிய காகிதத்தை மட்டும் வைத்து மூழ்கச் செய்து பார்க்கலாம். காகிதம் உலர்ந்திருந்தால் அச்சமில்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த படகுத் தளத்தில் உறையை மூடினால், குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் ஈரம் கண்ணாடியில் படிந்து மூடுபனிபோல் மறைக்கும். உலர்ந்த அறையில் முன்னதாகவே மூடுவதும், ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை உள்ளே வைப்பதும் இதற்குப் பரிகாரம்.

வெளியே வந்தவுடன் உறையைத் திறக்காமல் நன்னீரில் சிறிது நேரம் ஊறவைத்துப் பொத்தான்களை அழுத்தி அழுத்திக் கழுவ வேண்டும். உப்பு காய்ந்து உறைந்துவிட்டால் பொத்தான்கள் இறுகும், வளையமும் கெடும். உறை வேண்டாத காமிராவுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். அதன் மின்கலக் கதவிலும் ஒரு ரப்பர் விளிம்பு உண்டு. ஆண்டுகள் ஆக ஆக அது தளரும் என்பதை மறத்தலாகாது.

படத்தினும் பெரிது உயிர்

காமிராவின் சிறு திரையில் கண்ணை வைத்தவர் சுற்றுப்புறத்தை மறப்பது எளிது. கடலில் அம்மறதி உயிருக்கே உலை வைக்கும். நீந்தவும் மூழ்கவும் நன்கு பழகிய பின்னரே காமிராவைக் கையிலெடுக்க வேண்டும். ஒருபோதும் தனியே இறங்கலாகாது. காற்றுச் சிலிண்டருடன் மூழ்குவோர், கை அசையாதிருக்க வேண்டுமென்று மூச்சை அடக்கிக்கொள்வதுண்டு. அந்நிலையில் சற்று மேலே எழுந்தாலும் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து பெருந்தீங்கு விளைக்கக்கூடும். படம் நழுவினால் நழுவட்டும். மூச்சு சீராக ஓடவேண்டும்.

நம் உயிரைப் போன்றே நாம் படமெடுக்கும் உயிரும் மதிக்கத்தக்கது. நல்ல கோணம் வேண்டிப் பவளப்பாறையில் முழங்காலை ஊன்றுவோர், ஒரு நொடியில் பல ஆண்டு வளர்ச்சியை நொறுக்கிவிடுகின்றனர். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் கடற்குதிரை முதலிய மீன்களின்மீது காமிரா ஒளி செய்யும் விளைவைச் சோதித்தனர். ஒளியினால் அவற்றின் கண்கள் கெட்டதற்குச் சான்று கிட்டவில்லை. ஆனால் படத்திற்காக அவற்றைத் தொட்டு நகர்த்தியபோது அவை பெரிதும் கலங்கின. தொடாதிருத்தலே தலையாய ஒழுக்கம் என்பது இதனால் புலனாகும். நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. வனத்துறையின் இசைவின்றி அங்கே செல்லலாகாது என்பதையும் நினைவூட்டுகிறோம்.

பாட்டிமார் எழுவர்

இவ்வளவு முயன்று எடுக்கும் படம் ஆல்பத்தில் ஒட்டி வைப்பதற்கு மட்டுந்தானா என்று வாசகர் கேட்கலாம். அதற்கு விடையாகப் பசிபிக் பெருங்கடலிலுள்ள நியூ கலிடோனியத் தீவிலிருந்து ஒரு செய்தியைக் கூறுவோம்.

அத்தீவின் தலைநகரான நூமேயாவில் 'எலுமிச்சை வளைகுடா' என்ற பெயருடைய கடற்கரை ஒன்று உண்டு. ஊராரும் கப்பல் பயணிகளும் நாள்தோறும் நீராடும் இடம். அங்கே கடற்பாம்புகளை ஆராய்ந்துவந்த கிளேர் குவாரான் என்ற பேராசிரியையும், ஆஸ்திரேலிய அறிஞர் ரிக் ஷைனும் ஒன்றரை மீட்டர் நீளம் வரை வளரும் நச்சுப் பாம்பு ஒன்றை எப்போதாவது கண்டனர். அஃது அங்கே அரிதாகவே உள்ளது என்றும் எண்ணியிருந்தனர். ஒவ்வொரு நாளும் நீரில் இறங்கித் தேட அவர்களுக்கு நேரமில்லை.

2017-இல் ஏழு பெண்மணிகள் உதவிக்கு வந்தனர். அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்கள். அவ்வளைகுடாவில் மூச்சுக்குழாயுடன் நீந்துவதை வழக்கமாகக் கொண்டவர்கள். தங்களை 'அற்புதப் பாட்டிமார்' என்று அழைத்துக்கொண்டனர். பாம்பைக் கண்டால் அதைப் பிடிப்பதில்லை, தொடுவதில்லை, கையிலுள்ள காமிராவால் அதன் வாலைப் படமெடுப்பார்கள். ஒவ்வொரு பாம்பின் வாலிலும் கறுப்பு வெள்ளைக் கோலம் வெவ்வேறாக இருக்கும். எனவே ஒரு படத்தை மற்றொன்றோடு ஒப்பிட்டு, இது முன்பு கண்ட பாம்பா, புதியதா என்று அறுதியிட முடியும்.

விளைவு அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. அரிது என எண்ணிய அப்பாம்பு அச்சிறு வளைகுடாவில் 200-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் வாழ்வது தெரிய வந்தது. அவை எப்போது இணைகின்றன, எப்போது குட்டி ஈனுகின்றன, வரிகள் கொண்ட கெளுத்தி மீனை எவ்வாறு உணவாகக் கொள்கின்றன என்பனவெல்லாம் அப்படங்களால் விளங்கின. 2019-இல் இவ்வாய்வு அறிவியல் இதழில் வெளிவந்தது. இவ்வளவு நச்சுப் பாம்புகளின் நடுவே மக்கள் ஆண்டாண்டாக நீராடி வந்திருக்கின்றனர் என்பதும், பாம்பு மனிதனைத் தேடி வந்து கடிப்பதில்லை என்பதும் அதனால் தெளிவாயின. அறியாமையால் அஞ்சி அடித்துக் கொல்லப்படக்கூடிய ஓர் உயிரினத்திற்குப் பாட்டிமாரின் படங்கள் சாட்சி சொல்லின.

உடற்புள்ளிகளும் விண்மீன்களும்

மற்றொரு சான்று திமிங்கிலச் சுறா. மீன்களுள் மிகப் பெரியதாயினும் மனிதர்க்குத் தீங்கு செய்யாதது. அதன் உடலில் வெண்புள்ளிகள் இரவு வானத்து விண்மீன்கள்போல் சிதறிக் கிடக்கும். ஒரு சுறாவின் புள்ளிகள் மற்றொன்றிற்கு அமைவதில்லை. இரவு வானத்தை எடுத்த இரு படங்களில் ஒரே விண்மீன்கள் உள்ளனவா என்று ஒப்பிட வானியலார் 1986-இல் வகுத்த கணக்கு முறை ஒன்று இருந்தது. ஆஸ்திரேலியாவின் பிராட் நார்மன் என்ற கடலுயிர் ஆய்வாளரும், ஒரு கணினி வல்லுநரும், ஒரு வானியல் அறிஞரும் கூடி அம்முறையைச் சுறாவின் புள்ளிகளுக்குப் பொருத்தி, 2005-இல் வெளியிட்டனர்.

அதன் பின்னர் சுற்றுலாப் பயணி ஒருவர் சிறு காமிராவால் எடுத்த படமும் ஆராய்ச்சிக்கு உதவும் ஆவணமாயிற்று. செவுள் பிளவுகளுக்குப் பின்னுள்ள இடப்புற விலாவைத் தெளிவாக எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்து அனுப்பினால் போதும். அந்தச் சுறா முன்னர் எங்கே காணப்பட்டது, எத்தனை ஆண்டுக்குப் பின் திரும்பி வந்தது என்பதைக் கணினி சொல்லிவிடும். அழிவின் விளிம்பை நோக்கிச் செல்லும் உயிரினமென 2016-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்த அம்மீனைக் காப்பதற்கு, எத்தனை எஞ்சியுள்ளன என்ற கணக்கு இன்றியமையாதது. அதை உடலில் அம்பெய்து குறியிடாமலே பெற முடிகிறது.

நாம் செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் எளியது. கடலடியில் எடுக்கும் ஒவ்வொரு படத்துடனும் மூன்று செய்திகளை எழுதி வைப்போம்: எடுத்த நாள், எடுத்த இடம், ஏறக்குறைய எவ்வளவு ஆழம். காமிராவின் நாட்காட்டியையும் கடிகாரத்தையும் இறங்குமுன் சரிபார்ப்போம். திரும்பத் திரும்ப ஒரே பாறையை, ஒரே கோணத்தில் ஆண்டுதோறும் படமெடுத்து வைப்போமாயின், அங்குள்ள பவளம் தழைக்கிறதா, வெளுத்து மடிகிறதா என்பதை எவரும் மறுக்க முடியாதபடி அது காட்டும். 2024 ஏப்ரல் திங்களில், உலகளாவிய பவள வெளுப்பு நான்காம் முறையாக நேர்ந்துள்ளதென அறிவியலார் அறிவித்தனர். கடல் வெப்பமடைவதால் நேரும் இக்கேடு நீரின் மேலிருந்து நோக்குவோர் கண்ணுக்குத் தெரிவதில்லை. பார்த்தவர் சொன்னாலன்றி மற்றவர்க்குத் தெரியாது.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. நீரின் இயல்பை அறிந்து, கருவியைப் பேணி, உயிர்களைத் தொடாமல் நெருங்கி, பொறுமையோடு காத்திருக்கத் தெரிந்தால் அலமாரியில் உறங்கும் மெல்லிய காமிராவே போதும். விடுமுறையில் தக்க துணையோடு கடலில் இறங்கும் வாய்ப்புப் பெறும் இளைஞர்கள் தம் பெற்றோர்க்கும் பாட்டனார் பாட்டிமார்க்கும் அப்படங்களைக் காட்டட்டும். தாம் காணாத உயிரின்மீது எவர்க்கும் அன்பு பிறப்பதில்லை. கண்ட பின்னரே, அதைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளத்தில் எழுகிறது.